பதுங்கு

பேர்ண் நகரின் பெரிய மருத்துவமனைக்குத்
தீவு என்று பெயர்.
நாலு பக்கமும் தெரு. கடல் இல்லை.
மணிக்கு இத்தனை பிராங் என்று
அங்கே என் வாயை வாடகைக்கு விடுகிறேன்.

நரம்பியல், நாலாம் மாடி, செவ்வாய், பத்தேகால்.
மூன்று நாற்காலி, ஒரு கட்டில்.
டாக்டர் சுர்புகன், வதனி, நான்.
கட்டிலில் தர்மகுலன்:
சீஸ் பொதிசெய்யும் தொழிற்சாலையில் பதினேழு வருடம்,
ஒன்பது நாளாய்
பெயர்ச்சொற்கள் இல்லாத மனிதன்.

கரண்டியைக் காட்டினால்
"அதுதானே… அள்ளுறது."
சாவியைக் காட்டினால்
"உள்ளுக்குப் போறது."
வதனியைக் காட்டினால் சிரிக்கிறான்.
"இவ என்ரை… இவதான்."
அதையே ஒரு பெயராக ஏற்றுக்கொண்டு
அவள் போர்வையை இழுத்துவிடுகிறாள்.

டாக்டர் திரையைத் திருப்புகிறார்.
இடப்பக்கம், காதுக்கு மேலே,
பாலாடை படிந்தாற்போல் ஒரு வெள்ளை.
சின்ன வயதில் யாரோ கொஞ்சியபோது
உதட்டால் வந்த கிருமி.
மண்டையோட்டின் அடியில் ஒரு நரம்பு முடிச்சில்
நாற்பது வருடம் இருந்திருக்கிறது.
வெயிலுக்கோ தடிமனுக்கோ வெளியே வரும்,
உதட்டோரம் நாலு கொப்புளம் போட்டுவிட்டுத் திரும்பிவிடும்.
இந்த முறை மேலே போயிருக்கிறது.

ஏன், என்று கேட்கிறாள் வதனி.
டாக்டர் தோளைத் தூக்குகிறார்.
தோளை நான் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

அக்கி, என்கிறேன், உதவும் என்று நினைத்து.
"அக்கியெண்டால் காவியாலை எழுதலாம்.
இது தலைக்குள்ளை.
அங்கை ஆர் போய் எழுதுறது?"
இதை ஜெர்மனில் சொல்லி முடிக்க
ஒன்றரை நிமிடம் ஆனது.
டாக்டர் முழுதாய்க் கேட்டுவிட்டு
கம்பியில் தொங்கிச்
சொட்டிக்கொண்டிருந்த மருந்தைக் காட்டினார்.

பிறகு அந்தச் சொல். ஷ்லூமர்ன்.
கண்ணயர்தல்;
குழந்தைக்கும் பூனைக்கும் சொல்வது.
உறங்கிக்கொண்டிருந்தது, என்றேன்.
வதனி நம்பவில்லை, நானும்தான்.
மறைந்திருந்தது, என்றேன்.
மரத்துக்குப் பின்னால் நிற்கும் காதலன் மாதிரி இருந்தது.
பதுங்கி… என்று தொடங்கி,
இல்லை, எப்படிச் சொல்வது, பதுங்கு…

"குழி."

கட்டிலில் இருந்து.
தெளிவாக. பள்ளியில் கோடிட்ட இடம் நிரப்புவதைப்போல.

ஒன்பது நாளில் முதல் பெயர்ச்சொல்.
அரைவாசியை நான் கொடுத்தேன்,
மிச்சம் அவனிடமே இருந்தது.
வதனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சொன்னார்?" டாக்டர் பேனாவைத் திறந்தார்.
பங்கர், என்றேன்.
கூட்டாதே, குறைக்காதே: எங்கள் விதி அது.
அவர் முகம் மலர்ந்துவிட்டது.
"அருமை! வீடு ஞாபகம் வருகிறது.
இங்கே எந்தக் கட்டிடத்திலும் கீழே ஒன்று இருக்குமே!"
எழுதிக்கொண்டார்.
அதையும் தமிழில் சொன்னேன், ஒரு சொல் விடாமல்.
தர்மகுலன் ஆமோதித்துத் தலையாட்டிவிட்டு
ஊசி குத்தாத கையை உயர்த்தி
உச்சந்தலையை மூடிக்கொண்டான்,
மேலேயிருந்து மண் கொட்டுவதுபோல்.

கைக்கு எனக்குச் சம்பளம் இல்லை.

மாலை, துணி துவைக்கும் முறை எனது.
அட்டவணையில் ஏழிலிருந்து ஒன்பது.
நிலவறையில், மெஷினுக்குப் பக்கத்தில்,
ஒரு சாண் தடித்த கொங்கிரீட் கதவு.
உள்ளே மூன்றாம் மாடிக்காரரின் பனிச்சறுக்குக் கட்டைகள்,
யாரோ விட்டுப்போன தொட்டில்,
என் வெங்காயச் சாக்கு.
பதினொரு வருடமாய்ப் போய்வருகிறேன்.
இந்த அறையின் பெயரை
ஒருநாளும் தமிழில் நினைத்ததில்லை.

கீழுதட்டின் இடது ஓரம்
குறுகுறுத்தது.

வெங்காயம் எடுக்காமல்
மேலே வந்தேன்.